மாலை போடும் படத்தில் நிற்க வேண்டிய தம்பிக்கு

அறந்தாங்கி,
ஞாயிறு மாலை.

அன்பிலும் பிடிவாதத்திலும் எனக்குச் சற்றும் குறையாத தம்பி சரவணக்குமாருக்கு அக்கா அன்புமொழி எழுதுவது. இங்கு நான், உன் அத்தான் திருப்பதி, கல்யாணப் பெண் ஹரிணி மூவரும் நலம். வீடு மட்டும் நலமாக இல்லை. கத்தாரில் நீ நலமாக இருப்பாய் என்றும் வேளாவேளைக்குச் சாப்பிடுவாய் என்றும் நம்புகிறேன். இரண்டாவதை நம்புவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் ஹரிணி பக்கத்திலேயே நிற்கிறாள். குடும்பக் குழுவில் எழுதினால் ஊர் உறவு முழுக்கப் படித்துவிட்டுக் கைகூப்பும் படம் அனுப்புகிறது. உன்னோடு வேலை பார்க்கும் எதிர்வீட்டு வசந்தகுமார் விடுமுறை முடிந்து நாளை அங்கே திரும்புகிறான். அவன் பெட்டியில் பருப்புப்பொடியும் இந்தக் கடிதமும் வருகின்றன. பொடியை அறையில் எல்லோருக்கும் கொடு. கடிதத்தை நீ மட்டும் படி.

விஷயம் இதுதான். போன வாரம் போனில், “லீவு தரமாட்டேங்கிறாங்கக்கா. தரலேன்னா வேலய விட்டுட்டு வந்துருவேன். ஹரிணிக்கு நான்தான் தாய்மாமன் மாலை போடணும்” என்றாய். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. உன் மகன் கல்லூரியில் சேர்ந்த வருடம் இது. ஒரு நிமிடம் மாலை போடுவதற்காக வேலையை விடுகிறவனைப் பாசக்காரன் என்று ஊர் சொல்லும்; நான் வேறு மாதிரி சொல்வேன். நீ வர வேண்டாம். இங்கே எல்லா ஏற்பாடும் ஒழுங்காக நடக்கிறது என்று உனக்கு நிரூபிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கல்யாணத்தை நானும் உன் அத்தானும் நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, பெலிக்ஸ் நடத்துகிறான். என்னிடம் கல்லூரியில் புள்ளியியல் படித்துச் சராசரியாகத் தேறியவன், இப்போது இங்கே பெரிய ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாணத்தன்று எந்தெந்தத் தருணத்தைப் படமெடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டுமாம். நடக்கிறதை எடுப்பதுதானே படம் என்று கேட்டேன். “அது அந்தக் காலம் மேடம். இப்ப படத்துக்குத் தோதா நடக்கணும்” என்றான். பெண் கண்ணாடி பார்க்கும் தருணம், தோழிகள் காரணமில்லாமல் சிரிக்கும் தருணம், பெண்ணின் அப்பா தூணில் சாய்ந்து தூரத்தில் எதையோ பார்க்கும் தருணம் என்று சொல்லிக்கொண்டே போனான். உன் அத்தான் தூரத்தில் பார்த்தால் பந்தியில் இலை குறைகிறதா என்றுதான் பார்ப்பார். ஆனாலும் அன்றிலிருந்து சாய்ந்து பழகுகிறார். நம் வீட்டில் தூண் இல்லாததால் பிரிட்ஜில் சாய்கிறார். நான் மோர் எடுக்க வேண்டுமென்றால் அவர் சோகம் முடியும்வரை நிற்க வேண்டியிருக்கிறது.

அடுத்து என் முறை வந்தது.

“மேடம், நீங்க எங்கிட்டு நின்னு அழுவீங்க?”

“நான் அழ மாட்டேன், பெலிக்ஸ்.”

“எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க. அப்புறம் யாருக்கும் தெரியாம சமையக்கட்டுப் பக்கம் போயி அழுதுட்டு வந்துருவாங்க. எனக்குப் படம் போயிரும்.”

உடனே உன் அத்தான் பிரிட்ஜிலிருந்து நிமிர்ந்து, “அவ பரீட்சப் பேப்பர் திருத்துறப்ப மட்டுந்தாம்ப்பா அழுவா. ஒரு கட்டக் கொண்டாந்து மணவறை ஓரமா வச்சிரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹரிணி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பெலிக்ஸ் குறித்துக்கொண்டான்.

இதற்கெல்லாம் நடுவில்தான் உன் பிரச்சினை. மாலை போடும் படத்துக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்ததும் உன் அத்தானின் அக்கா, நம் அமராவதி அத்தாச்சி, ஒரு யோசனை சொன்னார். சீர்த்தட்டில் போனை வைத்து வீடியோவில் உன்னைக் கூப்பிட்டு, தட்டோடு சேர்த்து மணவறைக்குத் தூக்கிப் போய்விடலாமாம். வெள்ளிக்கிழமை நாம் பேசியது அந்தச் சோதனைதான், உனக்குச் சொல்லவில்லை. “நல்லா இருக்கியளா அத்தாச்சி” என்று நீ கேட்கிறபோது நெட் நின்று, தேங்காய்க்கும் வாழைப்பழச் சீப்புக்கும் நடுவில் கண் சொருகி, வாய் பாதி திறந்தபடி நீ உறைந்துவிட்டாய். அத்தாச்சி ஒரு நொடி பார்த்தார். “ஆத்தாடி, இது நல்லால்ல” என்று மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு மூடினார். மூடிய பிறகு அது இன்னும் நன்றாக இல்லை. அந்த யோசனையைக் கைவிட்டோம்.

ஆகவே நம் பெரியப்பா மகன் ஆவுடையப்பன் அண்ணன் உன் இடத்தில் நிற்பதாக ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டார் என்றால், நாங்கள் கேட்பதற்குள் பட்டுச்சட்டை எடுத்துவிட்டார். இன்று காலை மொட்டைமாடியில் பெலிக்ஸ் ஒத்திகை வைத்தான். பூமாலைக்குப் பதில் கொடியில் காய்ந்த, அதாவது இன்னும் காயாத, துண்டு ஒன்று. “அண்ணே, பொண்ணப் பாத்துப் போடுங்க” என்று பெலிக்ஸ் சொல்லச் சொல்ல, அண்ணன் கேமராவையே பார்த்துச் சிரித்தபடி வீசியதில் துண்டு ஹரிணியைத் தாண்டிப் போய் அமராவதி அத்தாச்சி கழுத்தில் விழுந்தது. இருவரும் மாமன் மகள், அத்தை மகன் முறை வேறு. “எனக்கு அறுவது வயசுல எதுக்குய்யா மால? அதயும் ஈரத்தோடயா போடுவே?” என்று அத்தாச்சி கேட்க, அண்ணன் முகம் சிவந்துபோனது. பெலிக்ஸ் அதைப் படம் எடுத்துவிட்டான். அந்தப் படத்தை அழித்தால்தான் இறங்குவேன் என்று அத்தாச்சி மாடியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவரைச் சமாதானம் செய்து கீழே கொண்டுவந்தால், பெலிக்ஸ் அடுத்ததை ஆரம்பித்தான். உன்னை ஒரு வெள்ளைச் சுவர் முன்னால் நின்று படம் அனுப்பச் சொன்னால் போதுமாம், கம்ப்யூட்டரில் சேர்த்துவிடுவானாம். “ஒடம்பு இவரு, மொகம் அவரு. ஆல்பத்துல பாத்தா அண்ணன் வந்து போட்ட மாதிரியே இருக்கும்.”

“அப்ப எம் மொகத்த எங்கிட்டு வப்பே?” என்றார் ஆவுடையப்பன் அண்ணன்.

“கடைசிப் பக்கத்துல தனியாப் போட்டுருவோம்ண்ணே.”

“புதுச் சட்ட எடுத்து, காலைலேருந்து வெயில்ல நின்னா, கடைசில எந்தலைய வெட்டிருவீங்க. நான் எங்க ஊரு பொன்னமராவதிக்கே போறேன்” என்று வண்டியைக் கிளப்பினார். பெட்ரோல் இல்லை. உள்ளே வந்து இரண்டு தோசை சாப்பிட்டார். கோபம் தணிந்திருக்கிறது, நிபந்தனை தணியவில்லை. முகமும் உடம்பும் சேர்ந்தேதான் தருவாராம்.

இப்போது தெரிந்திருக்கும், எல்லாம் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று. தம்பி, நான் படங்களை அதிகம் நம்புகிறவளில்லை. நேற்று எதையோ தேடும்போது என் கல்யாண ஆல்பம் கையில் கிடைத்தது. அதில் நீ ஒரே படத்தில்தான் இருக்கிறாய். அதிலும் முதுகு மட்டும். சாம்பார் வாளியோடு குனிந்து யாருக்கோ பரிமாறிக்கொண்டிருக்கிறாய், சட்டையின் பின்பக்கம் முழுக்க வியர்வை. எனக்கு மாலை போட்ட மாமாவின் படம் அட்டகாசமாக இருக்கிறது. நான் அதைத் திருப்பிவிட்டு உன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே மாலை போடும் படத்தில் நீ இல்லையென்றால் ஹரிணிக்கு மாமா இல்லையென்று ஆகிவிடாது. நீ வேலையில் இரு. நான் சொன்னால் கேட்க மாட்டே, எப்பவும் கேட்டதில்ல, இந்த ஒரு தடவ கேளுடா. யாரையாவது நிற்க வைத்துக்கொள்கிறேன். ஒருத்தரும் கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாகவே படமெடுக்கச் சொல்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த செல்வத்தோடும் இருக்க அம்மன் துணையிருப்பாள் என்று எழுதச் சொன்னார் உன் அத்தான். நான் சாமி விஷயத்தில் பட்டும் படாமலும் இருப்பவள். ஆனாலும் எழுதியாயிற்று, அழிக்கவில்லை. வெயிலில் தலையில் துணியில்லாமல் நிற்காதே.

உன் அக்கா,
அன்புமொழி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது வசந்தகுமார் வந்தான். பொடியை வாங்கிக்கொண்டான், கடிதத்தைப் பார்த்துத் திகைத்தான். “லெட்டர் எதுக்குக்கா? நான் அங்க போயி எறங்குன மறுநாளே அண்ணன் இங்கிட்டு ஏறுறாரே” என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் வகுப்பில் கேட்கிற மாதிரி கேட்டேன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். உனக்கு மாற்றாள் இல்லாமல் விடமாட்டோம் என்றார்களாம். அதற்காக இவன் தன் விடுமுறையைப் பாதியில் முடித்துக்கொண்டு போகிறானாம். கல்யாணத்தன்று மண்டபத்தில் நீ திடீரென்று வந்து நிற்பாயாம், நான் அதிர்ந்துபோவேனாம், அதைப் பெலிக்ஸ் படமெடுப்பானாம். திட்டம் போட்டது ஹரிணி. உன் அத்தானுக்குத் தெரியும், அத்தாச்சிக்குத் தெரியும். ஆவுடையப்பன் அண்ணனுக்கும் எனக்கும்தான் தெரியாது.

என்னைத் தூங்கவிடாமல் செய்ததற்கு உன்னிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. வா.

வசந்தகுமாரைப் பெட்டியோடு வாசலில் நிற்கச் சொல்லி என் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் ஆடிவிட்டது. ஆல்பத்தில் அதுதான் முதல் பக்கம் என்று பெலிக்ஸிடம் சொல்லிவிடுவேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஹரிணியிடம் மூச்சு விடாதே. பாவம், ஆசையாகச் செய்கிறாள். நான் அதிர்ச்சியாகிற மாதிரி இருந்துகொள்கிறேன். குளியலறைக் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்துக்கொண்டேன், சுமாராக வருகிறது. ஒன்று மட்டும் செய். இன்று எடுத்த படங்களில் என் முகம் இடப்பக்கத்திலிருந்துதான் பார்க்கும்படி இருக்கிறது. மண்டபத்துக்குள் வரும்போது அந்தப் பக்கமாக வா.