பனி தாங்கும் கொடி

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நேசையன் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் பிச்சிக்கொடி கருத்துக் கிடந்தது.

கனடாவில் மகள் ஜூடி தோட்டத்தோடு வீடு வாங்கியிருந்தாள். "வேலியில ஏத்தி விடணும்ப்பா. இங்க பனி எல்லாத்தையும் மூடிரும். எந்தக் கொடி தாங்கும்?" என்று போனில் கேட்டாள். அம்மாவின் அடக்கத்துக்கு வந்துபோனவள் அதன்பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. லீவு இல்லை. சரியான கொடியைச் சொன்னால் அதை எடுத்துப்போகவாவது வருவாள் என்று அவர் நம்பினார்.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில், நூலை இழுத்து அறுத்துப் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சோதிக்காமல் எதையும் சொல்லமாட்டார்.

அடுத்து முல்லையையும் கோவையையும் தெருமுனைக் கடையின் ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்தார்.

"குச்சி ஐஸ்ல மண்ணு இருக்குன்னு பிள்ளைக துப்புதுக," என்றார் கடைக்கார இருளப்பசாமி. "செடிய எடுத்துட்டுப் போயிருங்க அண்ணாச்சி."

பெரிய பெட்டி வேண்டும். ஆள் படுக்கும் அளவுக்கு. அது சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி விடும் சிவபாண்டியிடம் வாடகைக்குக் கிடைத்தது.

வியாழக்கிழமை காலை சிவபாண்டி பெட்டியைக் கூடத்தில் இறக்கி, பிளக்கை மாட்டிவிட்டுப் போனார். யாருக்கு என்று கேட்கவில்லை. அந்தத் தொழிலில் கேட்பதில்லை.

நேசையன் தொட்டிகளை வரிசையாகப் படுக்கவைத்தார். பனிக்குப் பதிலாக வெள்ளை வேட்டியைப் போர்த்தினார். கண்ணாடி மூடியைப் போட்டார். செல்லைச் சார்ஜில் விட்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டு, ரங்கூன் மல்லிக் கொடியும் வாங்கி வர ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார்.

சாயங்காலம் திரும்பியபோது வீட்டு முன்னால் சாமியானா. நாற்காலிகளில் பழைய மில்காரர்கள். சர்ச்சில் துக்க மணி அடித்தது.

"யாரு?" என்று கடைசி நாற்காலிக்காரரிடம் கேட்டார்.

"நம்ம நேசையன். அந்த ஆளு அத்துப் பாக்காம ஒரு நூலு வெளிய போனதில்ல," என்றவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியோடு சரிந்தார்.

பக்கத்து வீட்டு மாரிச்செல்வி ஓடிவந்தாள். "அப்ப பெட்டியில யாரு?"

"முல்லைக்கொடி. கோவைக்கொடி."

"கொடிக்கா நான் மத்தியானத்துலருந்து அழுதேன்?" மூக்கைச் சிந்தினாள். "தனியாக் கெடக்க மனுசன் வீட்டுல பெட்டி ஓடுனா வேற யாருன்னு நெனைக்க? வேட்டிய வெலக்கிப் பாக்க மனசு வரல."

"குழி வெட்டியாச்சே," என்று குறைப்பட்டார் சர்ச் உபதேசியார். "வீட்டம்மா பக்கத்துலயே எடம் கெடச்சுது."

நேசையன் மாரிச்செல்வி பக்கம் திரும்பினார். "ஜூடிக்குச் சொன்னியா?"

"சொல்லாம இருப்பனா?"

நேசையன் மகளுக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தாள். மறுபடி போட்டார். மறுபடியும் அதேதான்.

பெட்டியைத் திறந்து வேட்டியை விலக்கினார். எல்லாக் கொடிகளும் கருத்திருந்தன. கையிலிருந்த ரங்கூன் மல்லியைத் தரையில் வைத்தார். சோதித்ததில் அவளுக்குச் சொல்ல ஒரு கொடிகூட இல்லை.

சாமியானாவை அவிழ்த்தார்கள். வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் கலைந்தார்கள். சிவபாண்டி வேனை நிறுத்திவிட்டு வாசலில் தயங்கினார்.

"பாப்பா ஏர்போர்ட்டுலருந்து எனக்குப் போன் போட்டுச்சு அண்ணாச்சி. லீவு வாங்கிப் பிளேன் ஏறுதாம். அது வர்ற வரைக்கும் பெட்டிய எடுக்கக் கூடாதாம். இப்ப எடுக்கவா, இருக்கட்டுமா?"