தனிக்காட்டு ராஜாவின் முதல் போணி

சாவி பாதி பூட்டுக்குள், பாதி கையில். வீடு பார்க்க வந்த கணவனும் மனைவியும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"உடைஞ்சு போச்சா?" என்றார் கணவர்.

"சேச்சே! பின்பக்கமா போவோம் சார். காத்தோட்டத்தையும் பார்த்த மாதிரி ஆச்சு," என்றான் ஏஜென்ட்.

அன்று காலையிலிருந்துதான் அவன் தனி ஏஜென்ட். எட்டு வருஷம் வேலை பார்த்த தரகு ஆபீஸுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டான். வெயிலில் அலைவது அவன், கமிஷனில் பாதி ஆபீஸுக்கா? சக ஏஜென்டுகள் 'தனிக்காட்டு ராஜா' என்று பட்டம் கட்டிச் சிரித்தார்கள். முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நல்லா இருப்பா. முதல் போணியா இந்த வீட்டை நீயே வித்துக்கோ," என்று தன் கையாலேயே சாவியைக் கொடுத்தார்.

விற்றே தீருவது என்று கிளம்பியிருந்தான். 'தனியா நிக்கிறதெல்லாம் உங்களுக்கு வராது மாப்பிள்ளை' என்று மாமனார் சொல்லியிருந்தார். இன்று கோட்டை விட்டால் அவர் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

பின்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. ஏறினான். உள்ளே இறங்கப் பிடிமானத்துக்குக் குழாயைப் பிடித்தான். குழாய் கையோடு வந்துவிட்டது.

பீய்ச்சியடித்த தண்ணீரைக் கைக்குட்டையால் அடைத்தான். கைக்குட்டை போன இடம் தெரியவில்லை. ஓடிப்போய் வால்வைத் திருகினான். அதுவும் கழன்று வந்தது.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து அந்த அம்மாள் கேட்டார். "தண்ணி வசதி எப்படிங்க?"

"தாராளம்மா!"

முழங்கால் நனைய நின்று தன் மனைவிக்குப் போன் போட்டான். "குழாய் ரிப்பேர்காரர் யாராவது தெரியுமா? இங்க முழங்கால் வரைக்கும் தண்ணி!"

"நம்ம வீட்டுக்கே உங்க ஆபீஸ் ஆளுதானே வருவாரு? அங்கேயே கேளுங்க."

"உயிரே போனாலும் கேக்க மாட்டேன்!"

"அப்ப நீச்சல் கத்துக்குங்க."

அதற்குள் அடுத்த வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டினார். "யார்யா அது? திருடனா?"

"நான் ஏஜென்டுங்க!"

"எந்த ஆபீஸ்?"

எட்டு வருஷமாகத் தானாக வாயில் வந்த பெயர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "ஆபீஸ் எதுவும் இல்லீங்க. தனியாத்தான்..."

"அப்ப திருடனேதான்! போலீஸைக் கூப்பிடுறேன்!"

வந்த தம்பதி மெல்ல நழுவுவது தெரிந்தது. தனிக்காட்டு ராஜா ரோஷத்தைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு முதலாளியம்மாவுக்குப் போன் போட்டான்.

பக்கத்துத் தெருவிலேயே நின்றிருந்ததுபோல் அவர் கார் வந்து நின்றது. கையில் மாற்றுச் சாவி, கூடவே குழாய்க்காரர். "பதறாதீங்க, இவரு எங்க ஆளுதாங்க," என்றார் அடுத்த வீட்டுக்காரரிடம். மனிதர் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்க ஆளு. அந்த ஒரு வார்த்தையில் ஏஜென்டுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, முகமெல்லாம் ஏற்கெனவே ஈரம்.

நழுவிக்கொண்டிருந்த தம்பதியை முதலாளியம்மா வாசலிலேயே மடக்கி, எதிர்த் தெருவில் வேறொரு வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர்கள் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்கள்.

"அந்த வீடு பிடிச்சுப் போச்சாம். உன் பார்ட்டிதான், கமிஷன் உன் கணக்குலதான் வரும்," என்றார் முதலாளியம்மா.

"அம்மா, இனிமே அடிச்சு விரட்டினாலும் ஆபீஸை விட்டுப் போக மாட்டேன்!" மாமனார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அவனுக்குக் கவலையில்லை.

"உன் இஷ்டம்ப்பா," என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா காரில் ஏறிப் போனார்.

நன்றி சொல்லலாமென்று ஏஜென்ட் சமையலறைக்குப் போனான். குழாய்க்காரர் தன் சட்டைப் பையிலிருந்தே ஒவ்வொரு திருகாணியாக எடுத்துக் குழாயில் மாட்டிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். தனியாப் போறேன்னு கிளம்புற எல்லாருக்கும் அம்மா இந்த வீட்டைத்தான் குடுக்கிறாங்க. சாவியை எப்பவும் போலத்தான் அரத்தால ராவினேன், குழாயைத்தான் இந்த வாட்டி கொஞ்சம் அதிகமாக் கழட்டி வச்சுட்டேன்!"