குணசேகரின் சாக்ஸ் நேர்ச்சை

பெங்களூர் ஒக்கலிபுரத்து குணசேகர் பொண்டாட்டிக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. அதை அவரே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார், பிரிசில்லா காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

அப்படிப்பட்ட மனுசன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சாப்பிட உட்காரும்போதே தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்.

"இந்தா பிரிசி, ஈஸ்டர் வரைக்கும் நான் சாக்ஸ் கழட்ட மாட்டேன். என் காலை எந்த மனுசரும் பார்க்கக் கூடாது. நேர்ச்சை."

பிரிசில்லா தோசைக்கல்லை விட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா நேர்ச்சை?"

"சாக்ஸ் நேர்ச்சை."

"தவக்காலத்துல எல்லாரும் கறி விடுவாங்க, சிகரெட் விடுவாங்க. நீங்க கால் கழுவுறதையா விட்டீங்க?"

"கேலி பண்ணாத. இது ஆண்டவருக்கும் எனக்கும் நடுவுல இருக்கிற விஷயம்."

"அப்போ குளிக்கிறப்போ?"

"பாத்ரூம்ல ஆண்டவரும் நானும் மட்டும்தானே இருக்கோம்."

பிரிசில்லா தோசைக்கல் பக்கமே திரும்பிக்கொண்டாள். கோயில், ஜெபமாலை, நேர்ச்சை என்றால் அவளுக்கு உயிர். மனுசன் பொய் சொன்னால் பிடித்து உலுக்குவாள், சாமி பேரைச் சொன்னால் கையைக் கட்டிக்கொள்வாள். அது தெரிந்துதான் குணசேகர் சாமிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

எதுக்கு ஒளியணும்? அதைக் கேளுங்கள்.

குணசேகருக்குப் பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் வேலை. உடம்பில் சர்க்கரை குடியேறி வருசக்கணக்காச்சு. தினமும் அவர் வேலைக்குக் கிளம்பும்போது பிரிசில்லா வாசலில் நின்று ஒரு மந்திரம் சொல்லுவாள். "ஷூவை உதறிப் போடுங்க. உள்ள கையை விட்டுப் பாருங்க. வெறுங்காலோட எங்கயும் நடக்காதீங்க." அவர் ஒருநாளும் உதறியது இல்லை.

"போம்மா. இது கோல்டு ஃபீல்டு காலு. எங்கப்பா பூமிக்கடியில நடந்த காலு. ஆணி மேல நின்னாகூட ஒண்ணும் தெரியாது" என்பார், பெருமையாக.

ஒண்ணும் தெரியாமல் போனதுதான் வியாதி என்று அந்த மனுசனுக்கு யார் சொல்வது.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்து ஷூவைக் கழற்றினார். இடது சாக்ஸ் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தார். கழற்றிப் பார்த்தால், பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், மூக்குத்தி பதித்த மாதிரி ஒரு இரும்பு நட்டு உட்கார்ந்திருந்தது. ஸ்டோரில் கீழே சிந்தினது எப்படியோ ஷூவுக்குள் போய், சாக்ஸையும் ஓட்டை போட்டுவிட்டது. அதை மிதித்துக்கொண்டே நாள் முழுக்க ராக்கில் ஏறி இறங்கியிருக்கிறார். கம்பெனி பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார். வீட்டு மாடிப்படி ஏறியிருக்கிறார்.

வலித்திருந்தால் 'ஐயோ'வென்று கத்தியிருப்பார். துளி வலி இல்லை. அதுதான் அவருக்கு அண்ணனை ஞாபகப்படுத்தியது.

அவருடைய அண்ணன் கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிறார். அவருக்கும் சர்க்கரை. குளிருக்கு வெந்நீரில் காலை வைத்தார், சூடு தெரியவில்லை, கொப்புளம் வந்தது. பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளினார். முதலில் ஒரு விரல் போனது. அப்புறம் பாதம். இப்போது முழங்காலுக்குக் கீழே வேட்டிதான் ஆடுகிறது. கால் எடுத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது குணசேகர்தான். இப்போது ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு ரம்பம் அறுக்கிற சத்தம் கேட்கும்.

ஆக, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. போகாமல் இருக்க பிரிசில்லாவுக்குத் தெரியக் கூடாது. தெரியாமல் இருக்கத்தான் சாக்ஸ்.

நட்டைப் பிடுங்கினார். துடைத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்டோர் ஆள் இல்லையா, ஒரு நட்டைத் தூக்கி எறிய அவருக்குக் கை வராது. புண்ணில் மஞ்சள் தூளை அப்பினார். வெள்ளிக்கிழமை டிஞ்சர் ஊற்றினார், அதுவும் எரியவில்லை. சனிக்கிழமை பார்த்தால் ஓரம் வெளுத்து, சுற்றிலும் சிவந்து, லேசாக ஒரு வாடை. வாடைக்கு சாக்ஸுக்குள் முகப்பவுடர் கொட்டினார். வீடே குளிப்பாட்டின குழந்தை மாதிரி மணத்தது.

"இன்னாங்க, கால்ல இருந்து பவுடர் வாசனை வருது?"

"நேர்ச்சையை வாசனையா பண்றேன்."

பிரிசில்லா மாடியில் உட்கார்ந்து, கல்லை வைத்துத் தன் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க இதே வேலை. புதுப்பெண் மாதிரி காலுக்கு எண்ணெய் என்ன, நகம் வெட்டுவதென்ன.

"இந்த வயசுல காலுக்கு இன்னா அலங்காரம்?" என்றார் குணசேகர்.

"சும்னே" என்றாள் அவள். கன்னடத்தில் சொன்னால் மேற்கொண்டு கேட்காதே என்று அர்த்தம்.

அப்போதுதான் குணசேகர் ஒரு தப்பு செய்தார். துணி துவைக்கிற கல்லுக்குப் போய், தன் சாக்ஸைத் தானே சோப்பு போட்டு அலசினார்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு கர்ச்சீப்கூட நனைக்காத மனுசன்! பிரிசில்லாவின் கையிலிருந்த கல் நின்றது. அவர் சாக்ஸைப் பிழிந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, வேட்டிக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டார். அவள் மெதுவாக எழுந்து கீழே போனாள். அழுக்குத் துணியில் வியாழக்கிழமை சட்டையை எடுத்தாள். பையில் கையை விட்டாள். நட்டு வந்தது, ஓட்டையில் காய்ந்த ரத்தத்தோடு. முகர்ந்து பார்த்தாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம்தான். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, "கோயில் வரைக்கும் போய் வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் குருத்து ஞாயிறு. கையில் குருத்தோலையோடு பவனியில் நடந்தார் குணசேகர். பெங்களூர் வெயில் மண்டையைப் பிளக்கிறது, அவருக்கு மட்டும் குளிர் நடுக்குகிறது. சாக்ஸுக்குள் கால் பெரிதாகிக்கொண்டே போகிற மாதிரி ஒரு பாரம். ஓசன்னா பாடுகிறவர்கள் நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு, 'ஆண்டவரே, ஈஸ்டருக்குள்ள தானா ஆறிடணும்' என்று முனகினார்.

பூசை முடிந்ததும் உபதேசியார் ஹெர்பர்ட் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். பங்கில் ஃபாதருக்கு அடுத்தபடி எல்லாம் அவர்தான்.

"குணசேகர் அண்ணே! கையைக் கொடுங்க. பெரிய வியாழன் பாதம் கழுவுற சடங்குக்கு உங்களைச் சொல்லியிருக்கு. பன்னிரண்டு சீடர்ல முதல் நாற்காலி. பேதுரு!"

குணசேகருக்கு உச்சந்தலை ஜிவ்வென்றது. எத்தனை வருசத்து ஆசை! பீடத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டியோடு உட்கார, ஃபாதர் முழங்கால் போட்டுக் காலைக் கழுவி முத்தம் கொடுப்பார். ஊரே பார்க்கும்.

அடுத்த நொடி ஜிவ்வென்று ஏறினது சொய்யென்று இறங்கியது. ஊரே பார்க்கும்.

"அது... எந்தக் கால் கழுவுவாரு?"

"வலது கால் மட்டும்தான் அண்ணே. பன்னிரண்டு பேருக்கு ரெண்டு காலும் கழுவினா ஃபாதர் இடுப்பு இன்னாத்துக்கு ஆவறது?"

வலது கால்! புண் இருப்பது இடது காலில். ஆண்டவரே தன் கட்சியில் இருக்கிறார் என்று குணசேகருக்கு உறுதியாகிவிட்டது.

"போன வருசம் ரெண்டு மூணு பொம்பளைங்களை உட்கார வச்சீங்க. இந்த வருசமாச்சும் ஆளைப் பார்த்து எடுத்தீங்களே" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு.

ஹெர்பர்ட் இருமினார். "சாயங்காலம் ஒத்திகை. மண்டபத்துல பாட்டு கிளாஸ் நடக்குது. நீங்க கோயில் டிஸ்பென்சரி ரூமுக்கு வந்துடுங்க."

"நேர்ச்சை இன்னா ஆச்சு? சாக்ஸ் கழட்டணுமே?" என்று கேட்டாள் பிரிசில்லா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"கோயில் காரியத்துக்கு ஒரு காலைத் தளர்த்திக்கலாம்" என்றார் குணசேகர்.

வீட்டுக்கு வந்து வலது காலைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார். நகத்தை வெட்டினார். "ஒட்ட வெட்டாதீங்க, சதை மாட்டும்" என்றாள் பிரிசில்லா பக்கத்தில் நின்று. அவள் குரல் ஏதோ மாதிரி இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

டிஸ்பென்சரி ரூமில் ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தது.

"மத்த சீடருங்க?" என்றார் குணசேகர்.

"பேதுருதான் முதல்ல" என்றார் ஹெர்பர்ட்.

உள்ளேயிருந்து வந்தது ஃபாதர் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா.

"நான் டாக்டர் பாமா. ஞாயித்துக்கிழமையில இங்க சர்க்கரைக்காரங்களைப் பார்க்க வரேன். சடங்குல உட்கார்றவங்க கால் சுத்தமா இருக்கான்னு பார்க்கச் சொன்னாங்க. வலது காலை நீட்டுங்க ஐயா."

நீட்டினார், கர்வமாக. அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு சின்ன நைலான் இழையை எடுத்தார்.

"கண்ணை மூடிக்கங்க. இது படும்போதெல்லாம் 'ம்' சொல்லணும்."

கண்ணை மூடினார். காத்திருந்தார். பக்கத்து மண்டபத்தில் பாட்டுக்காரர்கள் ஒரே வரியை இழுத்து இழுத்துப் பாடுவது கேட்டது. ரூமில் மட்டும் சத்தமே இல்லை.

"ஆரம்பிங்க டாக்டரம்மா" என்றார் குணசேகர்.

கண்ணைத் திறந்தார். இழை அவருடைய பெருவிரல் மேல் வளைந்து நின்றது. டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இவ்வளவு நேரமும் தொட்டுக்கிட்டுதான் இருக்கேன் ஐயா."

அது நல்ல கால்! தேய்த்துக் கழுவி, ஊர் பார்க்கக் கொண்டுவந்த கால். அதுவும் அவருடையது இல்லை போலக் கிடந்தது.

"இப்போ அந்தக் கால்" என்றார் டாக்டர்.

"அது நேர்ச்சைக் கால்."

"அண்ணே," என்று குறுக்கே வந்தார் ஹெர்பர்ட், "ஃபாதர்கிட்ட கேட்டாச்சு. சாக்ஸுக்குப் பதிலா தினம் ஒரு ஜெபமாலைன்னு நேர்ச்சையை மாத்திக் கொடுத்துட்டாரு."

குணசேகர் கதவைப் பார்த்தார். கதவில் சாய்ந்துகொண்டு பிரிசில்லா நின்றிருந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நட்டு.

"பிரிசி..."

"ராபர்ட்சன்பேட்டை வராந்தாவுல உங்க பக்கத்துல யாரு நின்னாங்க? நான்தானே? உங்களுக்கு மட்டும்தான் அந்தப் பயமா?" அவள் நட்டை அவர் மடியில் போட்டாள். "கழட்டுங்க."

கழற்றினார். பவுடரும் சீழுமாகச் சாக்ஸ் பிய்ந்து வந்தது. ஹெர்பர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவப்பு பாதத்தைத் தாண்டிக் கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துப் புண்ணுக்குள் மெதுவாக விட்டார்.

"இன்னாத்துக்கு அது?"

"எலும்பு தட்டுதான்னு பார்க்கிறேன். தட்டினா கதை வேற."

கம்பி உள்ளே போவது கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. குணசேகர் டாக்டருடைய முகத்தையே பார்த்தார். பிரிசில்லா எப்போது வந்து அவர் தோளைப் பிடித்தாள் என்று தெரியவில்லை, நகம் பதிந்தது. அது நன்றாகவே வலித்தது.

"தட்டலை" என்றார் டாக்டர். "ஆனா பெரிய வியாழன் வரைக்கும் இப்படியே விட்டிருந்தா நான் வாக்குக் கொடுத்திருக்க மாட்டேன். இப்பவே ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுக்கணும், செத்த சதையை எடுக்கணும், ஊசி மருந்து போகணும், சர்க்கரையை இறக்கணும். இந்தக் காலைத் தரையில ஊனவே கூடாது. மஞ்சளைக் குழம்புக்குப் போட்டுக்கங்க, டிஞ்சரைத் தூக்கி எறிங்க."

"கால்..." என்றார் குணசேகர்.

"கால் இருக்கும். நீங்க சொன்னபடி கேட்டா."

"கேப்பாரு" என்றாள் பிரிசில்லா. அந்தக் குரலுக்கு மேல் அப்பீல் கிடையாது.

பெரிய வெள்ளிக்கிழமை காலை. குணசேகர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் ராஜா மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. சிவப்பு இறங்கியிருந்தது. இனிமேல் தினமும் கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு, ஷூவை உதறாமல் போட்டால் வேலையே கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். ஒரே ஒரு துக்கம்தான் மனசில் நின்றது.

ஹெர்பர்ட் பார்க்க வந்தார். பிரிசில்லா கோயில் கஞ்சியை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நேத்து சடங்கு நல்லபடியா முடிஞ்சுதா ஹெர்பர்ட்?"

"ரொம்ப நல்லா முடிஞ்சது அண்ணே."

"நான் படுத்துட்டேன். கடைசி நேரத்துல என் நாற்காலிக்கு ஆள் கிடைக்காம திண்டாடியிருப்பீங்க, பாவம். பேதுருவா யாரை உட்கார வச்சீங்க?"

ஹெர்பர்ட் திருதிருவென்று முழித்தார்.

"திண்டாட்டம் இன்னாத்துக்கு அண்ணே? அது தவக்காலம் ஆரம்பிச்ச சாம்பல் புதன் அன்னிக்கே முடிவானதாச்சே. உங்க வீட்டம்மாதான் பேதுரு. ஏன் அக்கா, வீட்ல சொல்லவே இல்லையா?"

பிரிசில்லா, தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த தன் வலது காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, கஞ்சியை அவர் கையில் கொடுத்தாள்.

"எங்க சொல்றது? நம்ம வீட்லதான் ஈஸ்டர் வரைக்கும் கால் விஷயம் வெளிய வரக் கூடாதுன்னு நேர்ச்சையாச்சே."