மறு ஆய்வு தேவை

கரண்டியில் எடுத்த சோற்றை நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்தார், ஓரத்தில் வைத்துப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார் உணவு ஆய்வாளர். குறை ஒன்றும் அகப்படவில்லை. பருப்பு வெந்திருந்தது. காய் குழையவில்லை. முட்டையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. அது முட்டையாக இருந்தது.

அவருக்கு லேசாக வியர்த்தது.

குறை இல்லையென்றால் 'திருப்தி' என்று எழுத வேண்டும். எழுதினால் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இனி அடுத்த வருஷம்தான் வர முடியும். 'மறு ஆய்வு தேவை' என்று எழுதினால் அடுத்த வாரமே வரலாம். குழந்தைகளின் வயிற்றை முன்னிட்டு அரசாங்கம் வகுத்த விதி இது. ஓர் ஆய்வாளரின் மத்தியானமும் அதை நம்பியிருக்கும் என்று வகுத்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"இந்தப் பாத்திரத்தையும் கொஞ்சம் பாத்துடுங்க சார்," என்று மூலையில் இருந்ததை இழுத்து வைத்தார் சமையல்கார அம்மாள். பள்ளிக்கூடம் முழுக்க அவருக்குச் சமையலக்கா என்றுதான் பெயர்.

ஆய்வாளர் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். முகம் மலர்ந்தது.

"உப்பு கம்மி."

"அப்படியா சார்? தெரியலையே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இதுக்குன்னு பழகின நாக்கு வேணும்மா. அடுத்த வாரம் வந்து மறுபடி பாக்கறேன்."

"வாங்க சார்," என்றார் சமையலக்கா. கண்டிக்கப்பட்டவர் குரலாக அது இல்லை. அதை ஆய்வாளர் கவனிக்கவில்லை. தான் பேசியதை ரசித்துக்கொண்டிருப்பவருக்கு அடுத்தவர் குரல் எங்கே காதில் விழும்.

பிறகு, விதிப்படி, குழந்தைகளோடு உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டார். நீளமான பெஞ்சில் முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். முதல் ஆய்வின்போதும் அவள்தான் இடம் விட்டவள். வீட்டில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவீர்கள் என்று அன்றைக்கு அவரைக் கேட்டவளும் அவள்தான்.

"சார், காயை ஒதுக்காதீங்க. சாப்பிட்டாத்தான் கண்ணு நல்லாத் தெரியும்."

"அது நான் சொல்ல வேண்டியது."

"அப்ப சொல்லுங்க. சொல்லிட்டு சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். ஊரெல்லாம் மேடை போட்டுப் புரதம், உயிர்ச்சத்து என்று முழங்குகிறவர் அவர். அலுவலகத்தில் அவருக்குப் 'புரதம்' என்றே பட்டப்பெயர். அந்தப் புரதம் வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் ஆய்வு செய்ததில்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, ஒரு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனார் மனைவி. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மாசம் இன்னும் முடியவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று தினமும் போனில் கேட்பார் மனைவி.

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

"எல்லாம்தான்."

எல்லாம் என்பது ரொட்டி. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடியே தின்பார். உட்கார்ந்தால் எதிரே காலி நாற்காலி தெரியும்.

ஆகவே அந்தப் பெஞ்சுக்காக வாரா வாரம் ஒரு குறை தேவைப்பட்டது. ஆச்சரியம் என்னவென்றால், கிடைத்தது. ஒரு வாரம் மூடி நசுங்கியிருந்தது. ஒரு வாரம் காய்த்துண்டுகள் பெரிதும் சிறிதுமாக இருந்தன. இன்னொரு வாரம் கரண்டி, அவர் நடந்து வரும் வழியிலேயே தரையில் கிடந்தது. ஒன்றும் சிக்காத நாளில் உப்பு கைகொடுத்தது. தன் கண்ணுக்கும் நாக்குக்கும் எதுவுமே தப்புவதில்லை என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

வினை மேலிடத்திலிருந்து வந்தது. இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா இது, ஒரே பள்ளிக்கூடம், எப்ப பாத்தாலும் மறு ஆய்வு? இவ்வளவு மோசமான சமையல்கூடத்தை எதுக்கு வச்சிருக்கணும்? மூடிடலாம். பெரிய சமையல்கூடத்துலேர்ந்து டப்பாவுல அடைச்சு அனுப்பிடலாம். புள்ளைங்க அவங்கவங்க வகுப்பிலேயே சாப்பிட்டுக்கட்டும்."

ஆய்வாளரின் கண்முன் அந்தப் பெஞ்ச் காலியாகக் கிடந்தது.

"அவ்வளவு மோசமில்லை சார். சின்னச் சின்னக் குறைதான்."

"சின்னக் குறைக்கா வாரா வாரம் ஜீப்பை எடுத்துட்டுப் போறீங்க?"

"இல்லை சார், குறை கொஞ்சம் பெரிசுதான்."

"அப்ப மூடிடுவோம்."

"பெரிசா இருந்துச்சு சார். இப்ப சின்னதாயிடுச்சு."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு நானே வந்து பாக்கறேன். ஒரு குறை கண்ணுல பட்டாலும் மூடிடுவேன்."

ஆய்வாளர் சமையல்கூடத்துக்கு ஓடினார்.

"நாளைக்கு மேலதிகாரி வர்றார். உப்பு, மூடி, கரண்டி எதுலயும் ஒரு குறை இருக்கக் கூடாது."

"ஒண்ணுகூடவா சார்?"

"ஒண்ணுகூட."

சமையலக்கா அடுப்பைத் துடைத்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அப்புறம் உங்களுக்கு..."

"எனக்கென்ன?"

"ஒண்ணுமில்ல சார். பாத்துக்கறேன்."

மறுநாள் சமையல்கூடம் பளபளத்தது. இயக்குநர் கை கழுவப் போன நேரத்தில் ஆய்வாளர் ஒரு வாய் ருசி பார்த்தார். இத்தனை நாளில் இப்படியொரு சாப்பாட்டை அவர் அங்கே சாப்பிட்டதில்லை. இது 'திருப்தி'. சந்தேகமே இல்லாத திருப்தி. திருப்தியென்றால் அடுத்த வருஷம்.

உப்பு ஜாடி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கை தானாகப் போய் ஒரு பிடி அள்ளியது. போட்டால் சமையல்கூடம் போகும், டப்பா வரும். போடாவிட்டால் சமையல்கூடம் இருக்கும். அவர்தான் போக வேண்டும். உள்ளங்கை வியர்த்து உப்பு பிசுபிசுத்தது. வெளியே குழந்தைகள் தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிற சத்தம் கேட்டது.

உப்பை ஜாடியிலேயே போட்டு மூடினார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே உருப்படியான ஆய்வு அதுதான். அதை யாரும் பார்க்கவில்லை.

இயக்குநர் ஒரு தட்டு சாப்பிட்டார். இன்னொரு தட்டு கேட்டு வாங்கினார். பிறகு ஏப்பத்தை அடக்கிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"பிரமாதம். எல்லாம் உங்க கண்டிப்பாலதான். இதை ஒரு முன்மாதிரிச் சமையல்கூடமா அறிவிச்சிடறேன். இனிமே இங்க ஆய்வே தேவையில்லை."

"ஆய்வே தேவையில்லையா? அடுத்த வருஷம்கூடவா?"

"எப்பவுமே."

"சார், காய் கொஞ்சம் பெரிசா வெட்டியிருக்கற மாதிரி..."

"பாத்தீங்களா, இந்தக் கண்டிப்புதான்." இயக்குநர் அவர் முதுகில் தட்டினார். "உங்களைத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துக்கறேன். தனி அறை. யாரும் உள்ள வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க."

பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு இயக்குநர் ஜீப்பில் ஏறினார். ஆய்வாளர் குழந்தைகளின் வரிசைக்கு முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். புரதத்தின் இன்றியமையாமை பற்றி நாலு வார்த்தை பேச நினைத்தார். இரண்டாவது வார்த்தையே வரவில்லை.

"நான் இனிமே வர மாட்டேன். இங்க ஆய்வு முடிஞ்சிடுச்சு," என்று மட்டும் சொன்னார்.

சமையலக்கா தலையைக் குனிந்துகொண்டு, காலியான பாத்திரத்தைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார். முன்பல் விழுந்த சிறுமி மெதுவாகப் போய் சமையலக்காவின் கையைச் சுரண்டினாள்.

"சாருக்கு வீட்ல கூட உக்காந்து சாப்பிட ஆள் வந்தாச்சா சமையலக்கா? அப்ப இனிமே நீங்க அவருக்காக உப்பைக் குறைக்க வேணாம்ல?"