அக்கா கல்யாணத்தில் பேசிய சிப்

சொந்தமாக ஒன்றைச் செய்து, அது வேலையும் செய்துவிட்டால், மனிதனுக்குக் கல்யாணமும் தெரியாது, கருமாதியும் தெரியாது. எனக்கு என் அக்கா ஜெசியின் கல்யாணமே தெரியவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில், மேடவாக்கத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் ரேடியோவுக்கான சிப் வடிவமைத்துக்கொண்டிருந்தோம். மின்சுற்றை மாற்ற வேண்டாம், மென்பொருளை மாற்றினால் போதும். இப்போது எஃப்.எம்., அடுத்த நிமிடம் வாக்கி டாக்கி! அதைவிடப் பெரிய வித்தை, அது பேட்டரியைக் குடிக்காது. வேலையில்லாத பகுதிகளை உடனுக்குடன் தூங்கவைத்துவிடுவோம். (எங்களுக்குத்தான் தூக்கம் கிடையாது.)

முதல் சிப் உயிர்பெற்ற வாரத்தில் தாம்பரம் சர்ச்சில் கல்யாணம். சிப்பையும் குட்டி மைக்கையும் ஒரு சோப்பு டப்பாவில் வைத்து, திருகாணி முடுக்கி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். புரோகிராமை மாற்ற ஒரு பொத்தான் உண்டு. அணைக்க சுவிட்ச் கிடையாது. இவ்வளவு சிக்கனமான சிப்புக்கு அது எதற்கு என்ற திமிர்!

கடைசி பெஞ்சில், மைக் செட் பெட்டிக்குப் பக்கத்தில், கூட வேலை பார்த்த சாமோடு உட்கார்ந்தேன். போதகரின் கார்ட்லெஸ் மைக்கை டப்பா அழகாகப் பிடித்தது. இயர்போனில் கேட்ட சாம் வாயைப் பிளந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த புரோகிராமையும் காட்டப் பொத்தானை அமுக்கினேன். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த டப்பா, அதே அலைவரிசையில் பேச ஆரம்பித்தது. அது தெரியாமல், இயர்போன் ஊமையானதும் புரோகிராம்தான் கோளாறு என்று சாமிடம் குனிந்தேன்.

முன்னால் போதகர், "இவர்கள் இணைவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர் இப்போதே சொல்லக்கடவர்" என்றார்.

அடுத்த நொடி எல்லா ஸ்பீக்கரிலும் என் குரல்: "இது சரிப்படாதுடா. மாத்திடலாம். வேற ஒண்ணு ரெடியா இருக்கு!"

மாப்பிள்ளை திரும்பினார். அவர் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். என் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான், நீதான்டா பேசுற!" என்றான் சாம். அதுவும் ஸ்பீக்கரில் வந்தது.

பதறி அமுக்கியதில் பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

"பேட்டரியப் புடுங்கு சார்!" என்றார் மைக் செட்காரர்.

"ஸ்க்ரூடிரைவர் வீட்ல இருக்குண்ணா!"

"தானா எப்போ தீரும்?"

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்கும்ணா!" சொல்லும்போதே பெருமை பொங்கியது. (சர்ச் முழுக்க அந்தப் பெருமையையும் கேட்டது.)

டப்பாவோடு தெருவுக்கு ஓடினேன். வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ.

"கேம்ப் ரோடு, சேலையூர், மேடவாக்கம்! இன்னா சார், கோட்டு போட்டுகினு ஓடியாற? பொண்ணு வூட்ல தொரத்துறாங்களா? ஏறு, ஏறு!"

உள்ளே ஸ்பீக்கரில் இதைக் கேட்டு முதலில் வெடித்துச் சிரித்தவர் மாப்பிள்ளையின் அப்பாதானாம். பிறகு மொத்த சர்ச்சும். டிரைவரிடமே ஸ்க்ரூடிரைவர் வாங்கி பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திரும்பியபோது, போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடன்படிக்கையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

பிரியாணிப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ரெடியா இருக்குன்னீங்களே தம்பி, அது யாரு?" என்று கேட்டார். விட்டேனா? அவர் பிரியாணி ஆறும்வரை சிப்பை விளக்கினேன்.

இன்றைக்கும் அத்தானோடு சண்டை வந்தால் அக்கா சொல்வாள்: "அன்னிக்கே என் தம்பி, வேற ஒண்ணு ரெடின்னு ஸ்பீக்கர்லயே சொன்னான். நான்தான் கேட்கல."

அத்தான் உடனே எனக்குப் போன் போடுவார். "மச்சான், அது இன்னும் ரெடியா இருந்தா, இப்பவே அனுப்பி வைப்பா!"