ஒரகடத்திலிருந்து நேயர் பேசுகிறேன்

இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெண்டாட்டியோடு சென்னை வழியாகச் சண்டை போட்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் நேயர்தான். பிற்பாடு கனடா வழியாகச் சமாதானமும் பேசிப் பார்த்தார். இவருக்கு ஜோடியாக இன்னொருவரைக் கொண்டுவந்து காட்டுங்கள், இந்தப் பத்தி எழுதுகிற வேலையை அன்றைக்கே விட்டுவிடுகிறேன்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் குவாலிட்டி பிரிவில் நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. நேயர் எங்கள் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். சொந்தப் பெயர் என்று ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் கொடுத்திருக்க மாட்டார்கள். தனியார் எஃப்.எம். ஒன்றில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் பழைய பாட்டுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். மத்தியானமே போன் போட்டு, யாருக்காக எந்தப் பாட்டு என்று பேசிப் பதிவு செய்ய வேண்டும். சாயங்காலம் அது காற்றில் வரும். மற்றவர்கள் ஊரையும் பேரையும் சொல்வார்கள். இவர் மட்டும், "ஒரகடத்துலேர்ந்து நேயர் பேசறேன்" என்பார். ஏன் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அவர்கள்தானே நேயர்களே நேயர்களே என்று கூப்பிடுகிறார்கள், கூப்பிட்ட பேரைத்தானே சொல்ல வேண்டும் என்றார். அன்றிலிருந்து அதுவே பேராகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஓ.டி. முடிந்து பஸ் ஒரகடத்தில் கிளம்பினால், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் நிகழ்ச்சி பாதி முடிந்திருக்கும். இவருடைய குரல் வரும் நேரம் பஸ்ஸில் யாரும் மூச்சு விடக் கூடாது. ஒருநாள் எவனோ இருமிவிட்டான். நேயர் கண்ணாடியில் அவனை முறைத்துப் பார்த்து, "கொஞ்சம் கம்முனு இருங்கப்பா, நான் பேசிக்கினு கீறேன்" என்றார். பேசியது மத்தியானம். அதைச் சொன்னால் அவருக்குப் புரியாது.

வேடிக்கை என்னவென்றால், நேரில் இந்த மனிதருக்கு வாயே கிடையாது. ஏறு, இறங்கு, ம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினார். டீ வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவார். அது வேண்டும் என்பதா வேண்டாம் என்பதா என்று டீக்கடைக்காரருக்கே சந்தேகம் வரும். ஆனால் காதில் போனை வைத்து எதிர்ப்பக்கம் அந்த அறிவிப்பாளர் அம்மா வணக்கம் சொல்லிவிட்டால் போதும், மடை திறந்துகொள்ளும். வானிலை என்ன, மனிதனுடைய மனநிலை என்ன, இந்தப் பாட்டில் அந்தப் புல்லாங்குழல் எந்த இடத்தில் அழுகிறது என்ன! அந்தம்மா இரண்டு முறை விளம்பர நேரம் என்று கெஞ்சினால்தான் வைப்பார்.

இந்த வாய்தான் அவர் குடும்பத்தைக் கெடுத்தது. இல்லாத வாய் என்று சொல்ல வேண்டும். மாமியார் இறந்து பதினாறாம் நாள் காரியம். அவர் மனைவி வசந்தா மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறார். நேயர் பக்கத்தில் போய் நின்றார், ஒரு வார்த்தை வரவில்லை. நேராக வெளியே வந்து, தெருவில் நிறுத்தியிருந்த கம்பெனி பஸ்ஸுக்குள் ஏறி, ரேடியோவில் தாயைப் பற்றிய உருக்கமான பாட்டு ஒன்று வரவும், சத்தத்தை முழுசாகத் திருகி வைத்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் கணக்கில் அது ஆறுதல். வசந்தாவின் கணக்கில் அது வேறு. வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத ஆளோடு இனிக் குப்பை கொட்ட முடியாது என்று, சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார். நேயர் மட்டும் வடக்குப்பட்டு வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வந்தார்.

அந்த அண்ணன் வீடு, எங்கள் பஸ் கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து இரண்டே தெரு. நடந்து போய்க் கூப்பிட்டிருக்கலாம். நேயர் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போன் போட்டார். தன் மனைவி வசந்தாவுக்காக என்று, நிலாவிடம் போய் முறையிடுகிற பாட்டு ஒன்றைக் கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கே தூக்கிவாரிப் போட்டது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வசந்தா பேசுவதாகவும், ஒரகடத்து நேயருக்காகக் கேட்பதாகவும் ஒரு பெண் குரல். கேட்ட பாட்டு, ஊமைக் கணவனை ஒருத்தி நிறுத்தி வைத்துக் கிழிகிழியென்று கிழிக்கும் நையாண்டிப் பாட்டு. நேயர் கியரை மாற்றிவிட்டு, "கேட்டீங்களா சார், என் பேரைச் சொல்லிக் கேட்டா" என்றார். அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

பிறகு வாராவாரம் இதேதான். இவர் கெஞ்சுவார், அவர் வைவார். எல்லாம் அரை நூற்றாண்டுப் பழைய குரல்களில். பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. டிரைவர் பக்கத்து சீட்டுகள் நேயர் கட்சி. பின்னால் இருந்த கேன்டீன் பெண்கள் எல்லாரும் வசந்தா கட்சி. இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்கள், பிறப்பதற்கு முன்னாலேயே வந்துபோன பாட்டுகளின் சரணம் வரைக்கும் தெரிந்து வைத்துக்கொண்டு, இந்த வாரம் அண்ணி எதைப் போடுவார் என்று பந்தயம் கட்டினார்கள். பாட்டு மெல்ல மெல்ல இளகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வசந்தா கேட்ட பாட்டில், ஒருத்தி வாசல் கதவைத் தாழ் போடாமல் காத்திருக்கிறாள். கேன்டீன் பெண்கள் கை தட்டினார்கள். நேயர் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் எடுத்தார்.

அன்றைக்கே போய்விடு என்று நாங்கள் எல்லாரும் முட்டிக்கொண்டோம். மனிதர் மசியவில்லை. "அவ பாட்டுல கேட்டா சார். நான் பாட்டுலதான் பதில் சொல்லணும். அதான் மரியாத" என்றார். என்ன பாட்டு என்பதை ஒரு வாரமாகத் தேடித் தேடி முடிவும் செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் போட்டால், எதிர்ப்பக்கத்தில் வேறு யாரோ ஒரு பையன், ஹாய் என்கிறான். இன்றிலிருந்து நிகழ்ச்சி புதுப்பொலிவு பெற்றுவிட்டதாம். பழைய பாட்டுக்கு விளம்பரம் வருவதில்லையாம்.

அந்தப் புதுப்பொலிவை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரே நான்கு புதுப் பாட்டு, அதையே காலையிலிருந்து ராத்திரி வரை திரும்பத் திரும்ப. நடுவில் யாருக்காவது போன் போட்டு ஏமாற்றிவிட்டு, ஒரு கூட்டம் சிரிக்கிற மாதிரி செயற்கைச் சத்தம். சத்தியமாகச் சொல்கிறேன், தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் ஷாப் சத்தம் இதைவிடச் சங்கீதமாக இருக்கும். அங்கே ஒருத்தி தாழ் போடாமல் காத்திருக்கிறாள், இங்கே இவன் ஹாய் என்கிறான்.

அப்போதுதான் வெல்டிங் லைன் மாரிச்சாமி ஒரு யோசனை சொன்னான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், நேயர் கட்சியின் தலைமைத் தொண்டன். ஷிப்டில் இருக்கிற எல்லாரும் மாற்றி மாற்றிப் போன் போட்டு அந்த ஒரே பாட்டைக் கேட்டால், போடாமல் எங்கே போவார்கள் என்றான். எங்களுக்கும் புத்தி இல்லை, சரி என்றோம். ஒரு வாரம் ஒரகடமே போன் போட்டது. சந்தேகப்பட்ட அந்த ஹாய்ப் பையன் மாரிச்சாமியைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு பழைய பாட்டு உங்களுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டிருக்கிறான். நம்மாள் அரிச்சந்திரன்.

"எனக்கு எங்க சார் பிடிக்கு? எங்க டிரைவர் அண்ணாச்சி பொண்டாட்டி கோவிச்சிட்டுப் போயிட்டாவ. அண்ணாச்சிக்குப் பேச வராது. அவியளுக்குத்தான் கேக்கேன்."

பாட்டைப் போடவில்லை. இதைப் போட்டார்கள். மாரிச்சாமியின் குரல், பின்னாலேயே ஒரு கோழி கூவல், அந்தச் செயற்கைச் சிரிப்பு. இரண்டு விளம்பரத்துக்கு நடுவில், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கில்லாமல். 'அண்ணாச்சிக்குப் பேச வராது' என்பது ஷேர் ஆட்டோவில் ஓடியது, சலூனில் ஓடியது. சிங்கப்பெருமாள் கோவிலில் எந்த வீட்டுப் பெண்டாட்டி என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். வசந்தா தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் கோழி மாதிரிக் கூவினார்களாம். மாரிச்சாமி நேயர் காலில் விழுந்தான். அவர் தூக்கி நிறுத்தினார், அவ்வளவுதான், 'ம்' கூடச் சொல்லவில்லை. பஸ் ரேடியோவை மட்டும் அணைத்துவிட்டார். அந்தப் பஸ்ஸில் போவது சவ வண்டியில் போகிற மாதிரி இருந்தது.

பாவத்துக்குப் பரிகாரமாக மாரிச்சாமி தன் போனஸில் அவருக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்து, இன்டர்நெட்டில் பழைய பாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் பிடித்துக் கொடுத்தான். கனடாவில் குடியேறிய ஒரு பெரியவர் தன் வீட்டு அறையிலிருந்தே நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை நமக்குக் காலை நேரம். அவருக்கு சனிக்கிழமை ராத்திரி. விளம்பரம் கிடையாது, கோழி கிடையாது. ஒரகடம் நேயர் என்றால் அங்கே ராஜ மரியாதை. இவர் கதையைக் கேட்டு டொரோண்டோவில் ஒரு அம்மா அழுதாராம். மலேசியாவில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார், எந்தப் பாட்டைப் போட்டால் பெண் மனம் இரங்கும் என்று யோசனை எழுதினார். துபாயிலிருந்து ஒருவர், வசந்தா தங்கச்சி சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிரார்த்தித்தார். உலகமே கேட்டது, சம்பந்தப்பட்ட வசந்தாவைத் தவிர. அவர் கையில் இருந்தது பட்டன் போன். ஹெட்செட்டைச் சொருகினால் எஃப்.எம். வரும், கனடா எங்கே வரும்?

எனக்கு மனசு தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேயரை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பத்து மணிக்கு அந்தப் பாட்டைப் போடுவதாகக் கனடா பெரியவர் வாக்குக் கொடுத்திருந்தார். சலவைச் சட்டை போட்டு, போனைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார் நேயர். அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றோம். வசந்தா வெளியே வந்தார். நான் கற்பனை செய்து வைத்திருந்த பத்ரகாளி இல்லை. ஒல்லியான, களைத்த ஒரு பெண். பின்னாலேயே அவருடைய அண்ணன் மனைவி, அக்கம்பக்கம், குழாயடி எல்லாம் கூடிவிட்டது.

நேயர் கைக்குட்டையைப் பிரித்துப் போனை நீட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே சிக்னல் சரியாக எடுக்கவில்லை. வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வசந்தா பொறுமையாகப் பார்த்தார்.

"கதவத் தொறந்து வெச்சிக்கினு எத்தினி மாசம் இருந்தேன். இந்த வட்டத்தக் காட்டவா வந்த? உன் வாயால சொல்லு. கேக்கறேன்."

சொல்லித் தொலையுங்கள் நேயரே என்று மனசுக்குள் கத்தினேன். அவர் மெதுவாக அந்தப் போனைத் தூக்கித் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"வணக்கம் மேடம். ஒரகடத்துலேர்ந்து நேயர் பேசறேன். என் வூட்டுக்காரம்மா வசந்தா சிங்கப்பெருமாள் கோவில்ல கீறாங்க. அவங்க அம்மா காரியத்தன்னிக்கு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும் மேடம், எனக்குத் தெரியல. அவங்க இல்லாம வூடு வூடா இல்ல. அவங்க கெளம்பி வந்துரணும்னு கேட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வசந்தாவின் உதடு துடித்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு அடி எடுத்தும் வைத்தார். கூட்டத்தில் எவளோ ஒருத்தி அந்தக் கோழி மாதிரிக் கூவினாள். அவ்வளவுதான். அண்ணன் மனைவி சிரித்தாள், குழந்தைகள் சிரித்தன, தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. வசந்தா முகம் சுண்டிப்போய் அப்படியே உள்ளே திரும்பினார். தாழ் போடும் சத்தம் கேட்டது.

வட்டம் அப்போதுதான் நின்றது. கனடா பெரியவர் அன்போடு ஊரையும் பேரையும் சொல்லி, பாட்டைப் போட்டார். மூடிய கதவுக்கு முன்னால் நேயர் அதைக் கடைசி வரைக்கும் கேட்டார். பாதியில் நிறுத்துவது பாடினவருக்கு மரியாதை இல்லையாம். வசந்தா அன்றைக்கும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை.

திரும்பும்போது வல்லக்கோட்டை ரோட்டில் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டு, "சார், நான் நல்லாத்தான பேசினேன்?" என்று கேட்டார். நல்லாப் பேசினீங்க நேயரே என்றேன். அதற்கு மேல் வண்டியைத்தான் முறுக்கினேன், எனக்கும் பேச வராது போலிருக்கிறது. இல்லாவிட்டால் இதையும் சொல்லியிருப்பேன்: அவர் கூப்பிட்ட அழகுக்கு, நானாக இருந்தால் அந்த நிமிஷமே பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் கிளம்பியிருப்பேன்.