ஜன்னல் பார்க்கப் போனது

என் செல்லப் போண்டாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, தங்கச்சி சத்யப்பிரியா மூவரும் இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்பதுதான் கடிதத்துக்கு மரியாதை. ஐப்பசியில் உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்தபிறகு அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

நீ வேலை பார்த்த கப்பல் கம்பெனிக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம். தங்கக் கரை போட்ட பத்திரிகை வந்தது. சென்னைத் துறைமுகத்தில் நீ இருந்த கப்பலையே நிறுத்தி விழா எடுக்கிறோம், குடும்பத்தோடு வரவேண்டும் என்று இருப்பதாகச் சத்யப்பிரியா படித்துச் சொன்னாள். உன் பெயரை அறிவழகன் என்று போட்டிருந்ததால், போண்டா என்றே கூப்பிட்டுப் பழகிய நான் யாருக்கோ வந்தது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வீராயி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வருஷம் திரும்பல, அதுக்குள்ள விசேஷத்துக்குப் போவாங்களாடி? ஊரு சிரிக்காது?" என்றாள். "செத்த எடத்துக்குத்தான போறேன், அது என்னா விசேஷம்?" என்றேன். "அவுங்க கேக்கு வெட்டுறாங்கன்னா விசேஷந்தான்" என்றாள்.

உன் அப்பா வரவில்லை. சட்டையை மாட்டினார், கழற்றினார், நைட் ஷிப்ட் இருக்கிறது என்றார். லீவு போட்டிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கிளம்பும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். "கண்ணகி, வேற ஒண்ணும் வேணாம். அவன் படுத்திருந்த ரூம் ஜன்னல மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு." உனக்குத்தான் தெரியுமே, டீக்கடையில் அவர் அந்த ஜன்னலைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. 'நாந்தான் கரி மைன்ஸ் பள்ளத்துல கெடக்கறேன், எம்புள்ள ஜன்னலோரமா கடலப் பாத்துக்கினு கெடக்கறான்' என்று பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். தூக்கத்திலேயே உன் மூச்சு நின்றுவிட்டது என்று போன் வந்த அன்றும், "வெளிச்சத்தப் பாத்துக்கினு போயிருக்கான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெறுங்கையோடு எப்படிப் போவது? தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு தட்டில் வைத்து, காடாம்புலியூர் மாமா தோப்பிலிருந்து ஒரு பலாப்பழமும் எடுத்துக்கொண்டோம். பஸ்ஸில் கண்டக்டர் அதைக் கீழே வைக்கக் கூடாது என்றார், மேலே வைக்கக் கூடாது என்றார், சென்னை வரைக்கும் என் மடியில்தான் இருந்தது. கைக்குழந்தையில் உன் கனம் அப்படித்தான் இருக்கும், நீ குத்தமாட்டாய், அவ்வளவுதான் வித்தியாசம். துறைமுகத்தில் பைகளைப் படம் பிடிக்கிற மெஷினுக்குள் பழம் நுழையாமல் மாட்டிக்கொண்டது, பின்னால் பட்டுச்சேலைகளும் கோட்டுகளும் வரிசையாக நிற்க, ரெண்டு காவலர்கள் கால் வைத்து இழுத்தார்கள். கடைசியில் பழத்தை விட்டார்கள், அதை அறுக்க நான் கொண்டுபோன கத்தியையும் தேங்காயெண்ணெயையும் பிடுங்கிக்கொண்டார்கள். "கத்தி இல்லாம எப்புடிங்க சாப்புடுவாங்க?" என்று கேட்டேன். "அம்மா, அங்க பப்பே சாப்பாடு இருக்கு" என்றார் ஒருவர். இருக்கட்டும், அதற்காகப் பலாப்பழத்தைக் கையால் கிழிக்க முடியுமா?

கப்பலுக்குள்ளே ஒரு பெண் சிரித்துக்கொண்டே சங்கு மாலை போட வந்தாள். "எனக்கு ஆவாதும்மா" என்றேன். அலர்ஜியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பனிக்கட்டியில் செய்த அன்னப்பறவைக்குப் பக்கத்தில் நம் பழத்தை வைத்தார்கள். அதுவும் அலங்காரம் என்று நினைத்து ஆளாளுக்கு அதோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். திரையில் கம்பெனியில் இருந்த, இறந்த எல்லார் முகமும் வந்து வந்து போனது. உன் முகம் வந்தபோது பாட்டு சத்தமாக ஆனது, எல்லாரும் கை தட்டினார்கள். யாருக்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. உனக்குத்தானே என்று நானும் தட்டினேன். சத்யப்பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டதால் பாதியில் நின்றுவிட்டது.

அப்போது ஆள் உயரத்துக்கு ஒரு டால்பின் வந்து என் எதிரில் நின்றது. குழந்தைகளை மகிழ்விக்க யாருக்கோ மாட்டிவிட்ட வேஷம். அது என் காலைத் தொட்டது. நான் பயந்து பின்னால் போக, அதன் வாய்க்குள்ளிருந்து, "அம்மா, நாந்தான் பரீத்து, நெல்லிக்குப்பம். பலாப்பழ வாசனையிலயே கண்டுபுடிச்சிட்டேன். உள்ள வேகுதும்மா, கொஞ்சம் விசிறுங்க" என்று குரல் வந்தது. உன்னோடு ஒரே அறையில் இருந்தவன். பத்திரிகையால் விசிறினேன். ரூமைப் பார்க்கணும் என்றேன். விருந்தாளிகளைக் கீழே விடமாட்டார்களாம். டால்பின் கொஞ்சம் யோசித்தது. பிறகு பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது, சத்யப்பிரியாவை மேலேயே உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் போனேன். "எங்க போறீங்க?" என்று ஒரு சூப்பர்வைசர் தடுத்தார். "அம்மாவுக்குப் பாத்ரூம்" என்றது. பலாப்பழத்தோடா என்று அவர் கேட்பதற்குள் இரும்புப் படியில் இறங்கிவிட்டோம். முன்னால் அதன் வால் ஒவ்வொரு படியிலும் தட்டிக்கொண்டே போனது.

கீழே சமையல்காரர்களும் துணி வெளுக்கிறவர்களும் இருந்தார்கள். கறி வெட்டுகிற கத்தியால் பழத்தை அறுத்துக் கொடுத்தேன். எண்ணெய் தடவாத கைகளில் பால் ஒட்டிக்கொண்டு எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ விரலைப் பிரிக்க முடியாமல் முழித்தார்கள். உன் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தேன். உன் அறையையும் பார்த்தேன். ஜன்னல் நன்றாகத்தான் இருந்தது. கடல் தெரிந்தது. வெளிச்சமும் இருந்தது.

திரும்பும்போது ஒரு சங்கடம். சாவு வீடாக இருந்தால் சொல்லிக்கொள்ளாமல் வரணும், விசேஷ வீடாக இருந்தால் சொல்லிக்கொண்டு வரணும். இது எந்த வீடு? சிரித்த பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாதிப் படியில் திரும்பி, பரீத்திடம் மட்டும் "வரேம்பா" என்றேன்.

நீ எங்கே இருந்தாலும் வயிறு நிறைந்து இரு. குளிர் படாமல் இரு. அப்பாவும் தங்கச்சியும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கண்ணகி

பின்குறிப்பு: இதுவரைக்கும் எழுதியதை உன் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். ஜன்னல் வந்த இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போயிருக்கிறார். இனி எழுதுவது நம் ரெண்டு பேருக்குள்ளே.

அங்கே ஜன்னல் இல்லையேடா. தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, நாலு பக்கமும் இரும்பு. நைட் ஷிப்ட் முடிந்து படுத்தால் வெயில் முகத்தில் அடிக்கிறது என்றாயே, அப்பா பகலில் தூங்க நம் வீட்டு ஜன்னலில் கட்டுவதுபோல என் மாம்பழக் கலர் சேலையைக் கிழித்துத் திரை தைத்துக் கொடுத்தேனே, அதை வெறும் சுவரில் கட்டி வைத்திருக்கிறாய். பரீத் இன்னும் அவிழ்க்கவில்லை. விலக்கிப் பார்த்தேன். வெள்ளைப் பெயிண்டும் நாலு ஆணியும்தான். "தூங்கப் போவ சொல்ல இழுத்து மூடுவாம்மா, எழுந்ததும் தொறப்பான். 'என்னடா, வெயிலடிக்குதா'ன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். 'ஆமாண்டா, கண்ணு கூசுது'ம்பான்" என்றான் டால்பின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு.

எங்களிடம் சொன்னது பொய், போகட்டும், நானும்தான் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த அறையில் நீ யாரிடம் பொய் சொல்லணும்? தினமும் எழுந்து அந்தத் திரையைத் திறப்பாயே, போண்டா, உனக்கு என்னடா தெரிந்தது?